மெதுவாகப் பாடும் ஊர்

எடெல்பாக், வாஷிங்டன் மாநிலம்
செப்டம்பர் 8

என் அருமை மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். இன்ஸ்ப்ரூக்கில் நீயும் மாப்பிள்ளை ஃபாபியனும், உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ பாதியில் குறுக்கிடுவாய், நான் பாதியில் அழுவேன், இரண்டு பேருமாக "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவோம். காகிதம் குறுக்கே பேசாது. நம் விடுதியின் பெயர் அச்சடித்த தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதற்கும் ஒரு செலவு வேண்டாமா?

முதலில் ஊர்ச் செய்தி. ஆப்பிள் பறிப்பு பாதி முடிந்துவிட்டது. காட்டுத்தீப் புகை இந்த வருடம் சீக்கிரமே விலகிவிட்டது, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிகிறது. அக்டோபர் விழாவுக்கு நம் அறைகள் எல்லாம் இப்போதே நிரம்பிவிட்டன. ஊர்க்கோடிப் பெட்ரோல் பங்க்கைப் புதிதாக வாங்கியிருப்பவர் ஒரு பஞ்சாபிக்காரர், குர்தியால் என்று பெயர். கூரை ஓரத்தில் மரச்செதுக்கல் வைக்கவில்லை என்று அலங்காரக் குழு அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மனிதர் தலைப்பாகையோடு கூட்டத்துக்கே வந்துவிட்டார். "வச்சுடறேங்க. எந்தப் பூவைச் செதுக்கணும்? எங்க ஊர்ப் பூவா, உங்க ஊர்ப் பூவா?" என்று பணிவாகக் கேட்டார். குழுத் தலைவர் கர்ட்டிஸ், "ரெண்டும் இல்ல, ஆல்ப்ஸ் பூ" என்றார். "அப்ப அது இங்க யாரோட ஊருப் பூ?" என்றார் குர்தியால். நான் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

இப்போது உன் விஷயம். நீ நம் ஊரின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த பாட்டை எல்லோரும் கேட்டாகிவிட்டது. ஃபாபியனின் சித்தி மகள் கல்யாணத்தில் பாண்டுக்காரர்கள் அதை வாசித்ததையும், ஜனங்கள் பெஞ்சுமேல் ஏறிக் குதித்ததையும், நீ கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டதையும் படித்தேன். ஃபாபியன் வரிக்கு வரி சொன்ன அர்த்தத்தையும் படித்தேன். கல்யாண வீட்டுக்குள் புகுந்த பெண் பன்றி ஒன்று பீரைக் குடித்துவிட்டு ஆடுகிறது. அதைப் பிடிக்கப் போன ஊர்த் தலைவர் கழுநீர்த் தொட்டியில் விழுகிறார். இவ்வளவுதான் பாட்டு. இதைத்தான் நாம் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து, நான்கு குரலில் இழுத்து இழுத்துப் பாடிவருகிறோம்.

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கி இன்னொரு தரம் கேட்டார், என்னிடம் திருப்பிக் கொடுத்தார், விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். இருட்டுகிறவரை கோடரிச் சத்தம். இரண்டு குளிர்காலத்துக்கான விறகு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, கொரின்.

உன்மேல் கோபம் இல்லை. உனக்குக் கதை பாதிதான் தெரியும், அவர் சொன்னதில்லை. ரயில்பாதை திசை மாறி, மர ஆலையும் மூடி, கடைத்தெருவில் பாதிக் கதவுகளுக்குப் பலகை அடித்த காலம் அது. முடிதிருத்தும் கடைச் சுவரில் ஆல்ப்ஸ் கிராமத்துப் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியதாம். "மலை நம்மகிட்டயும் இருக்கு. வீட்டை மட்டும்தானே மாத்தணும்?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மாற்றினார்கள். மரம் அறுத்த கைகள் பால்கனி செதுக்கின. ஊர்ப் பெயரையே மாற்றினார்கள். ஆஸ்திரியாவைக் கண்ணால் கண்டவர் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. பாட்டு வேண்டுமே என்று தபாலில் ஓர் இசைத்தட்டு வரவழைத்தார்கள். பள்ளிக்கூடத்து இசைத்தட்டுப் பெட்டியோ கோளாறு, எதைப் போட்டாலும் மெதுவாகத்தான் சுற்றும். "ஆஸ்திரியாக்காரனுக்கு என்னா கனமான குரலுடா!" என்று வியந்தார்களாம். பாண்டு வாத்தியார் ஓர்வல் டீக், இது ஏதோ தேவாலயப் பாட்டு என்று தானே முடிவுகட்டி, நான்கு குரலுக்கும் பிரித்து எழுதி ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டார்.

கோடை விழாவில் பாடுவதாக இருந்தது. அதற்கு முன்னால் டேல் வந்தார், உன் பெரியப்பா. வியட்நாமிலிருந்து கொடி போர்த்திய பெட்டியில் வந்தார். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. கல்லறையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. தேசிய கீதத்தை ஆரம்பித்தார்கள். உன் தாத்தா கையை உயர்த்தி, "அது வேண்டாம்" என்றார். பாதிரியார் ஒரு பக்திப் பாட்டை எடுத்தார். "அதுவும் வேண்டாம்" என்றார். யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது ஓர்வல் டீக், ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரே பாட்டுக்குக் கை அசைத்தார். அர்த்தம் யாருக்குத் தெரியும்? தாத்தா தடுக்கவில்லை. அன்று ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு இந்த ஊரில் அந்தப் பாட்டு இல்லாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. அப்பா மட்டும் அதைப் பாடி நான் கேட்டதில்லை. எந்தச் சாவுக்கும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

உன் பாட்டு டீச்சர் ஒஃபேலியாவுக்கு உடம்பு முடியவில்லை. வெனாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கூட்டி வந்துவிட்டார்கள் என்றால் உனக்குப் புரியும். முடிந்தால் ஒரு வார்த்தை பேசு.

கடைசியாக, நீ கேட்ட கேள்வி. ஆஸ்திரியக் குடியுரிமை வேண்டுமென்றால் அமெரிக்கக் குடியுரிமையை ஒப்படைக்க வேண்டும், நவம்பரில் தூதரகத்தில் கையெழுத்து என்று எழுதியிருந்தாய். எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று புரிந்திருக்கிறதா என அங்கே ஓர் அதிகாரி கேட்பாராம். "என்னன்னு சொல்றதும்மா? பன்னிப் பாட்டுக்கு அழுத ஊர்லருந்து வரேன்னா? அமெரிக்கன்னா என்னம்மா, அதுல நிஜமா என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தாய். நம் ஊர் நகலுக்கு நகல், அசல் என்று ஒன்று எங்கேயும் கிடையாது என்று ஃபாபியன் கல்லூரியில் வகுப்பே எடுக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்த நம் ஊராவது கிடைத்ததே, சந்தோஷம்.

கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக அறைகளைப் பெருக்கும்போதெல்லாம் அதையேதான் யோசிக்கிறேன். தெரிந்தால் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. படிக்கட்டில் ஓடாதே.

அன்புடன்,
அம்மா


செப்டம்பர் 27

அன்பு மகள் கொரினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்ததை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து நான்தான் அதை எடுத்துக் காயவைத்தேன். அதனால் உன் எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது.

ஊர் இரண்டாகக் கிடக்கிறது. கர்ட்டிஸ் கூட்டம் கூட்டினார். தெரியுமல்லவா, குயில் கடிகாரம் விற்கிற கர்ட்டிஸ், கடிகாரத்தின் முள் ஒன்று அசலாக இல்லை என்றாலும் தூக்கம் வராத மனிதர். "வெளியூர்க்காரங்க எல்லாத்தையும் போன்ல பிடிக்கிறாங்க. நாளைக்கு எவனாவது ஆஸ்திரியாக்காரன் பார்த்தான்னா உலகமே நம்மளப் பார்த்துச் சிரிக்கும். ஜன்னல் கதவுக்குச் சட்டம் இருக்கு, பெயர்ப்பலகை எழுத்துக்குச் சட்டம் இருக்கு, பாட்டுக்கு மட்டும் இல்லையா?" என்று மேஜையைத் தட்டினார். விழாவில் பாடினால் சரியான வேகத்தில் பாட வேண்டும், சாவுக்குப் பாடவே கூடாது என்பது அவர் தீர்மானம். பேக்கரி டாரீன் எழுந்து, "எங்கம்மாவுக்குப் பாடினதைத் திருப்பி வாங்கிக்கப் போறியா கர்ட்டிஸ்? அப்ப எங்கம்மாவையும் தோண்டி எடுத்துத் திருப்பிக் குடு" என்றாள். அப்புறம் ஒரே கூச்சல். முடிவு எதுவும் இல்லை. ஆனால் பாடகர் குழுவில் பாதிப்பேர் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்தாலே பன்றிதான் கண்ணில் வருகிறது என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் வருகிறது.

இதற்கிடையில் கர்ட்டிஸ் செய்திருக்கும் இன்னொரு காரியம், விழாவுக்கு அசல் பாண்டு வேண்டும் என்று உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு குழுவை விமானம் ஏற்றி வரவழைக்கிறார். டிரோலில் ஏதோ ஒரு பள்ளத்தாக்காம். ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அவர்கள் நம் விடுதியில்தான் தங்கப் போகிறார்கள். பால்கனித் தொட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் ஜெரேனியம் பூக்களை அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று கர்ட்டிஸ் கட்டளை. நிஜப் பூவா வைக்க முடியும் இந்தக் குளிரில்?

மூன்று நாளைக்கு முன் ஒஃபேலியாவைப் பார்க்கப் போனேன். ஆளே பாதியாகிவிட்டாள். மகன் எலிசியோ தலையணையை உயர்த்தி வைத்து உட்கார வைத்திருந்தான். ஊர்ச் சண்டை எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. "எங்க, அந்தப் பாட்டைப் போடு, நான் கேக்கணும்" என்றாள். எனக்குத் தயக்கம். அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தே காலத்தைக் கழித்தவள் அவள். எல்லைக்குத் தெற்கே மிச்சோகானிலிருந்து ஆப்பிள் பறிக்க வந்து, ஏணிமேல் நின்று முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் ஓர்வல் டீக் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். பின்னால் குழுவை நடத்தும் அவர் கைக்கோலே அவள் கைக்கு வந்தது. உனக்கு மூச்சை அடக்கி விடக் கற்றுக்கொடுத்தவள் அவள்தானே.

போட்டேன். முதல் வரி முடிவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அர்த்தத்தைச் சொன்னதும் கேட்கவே வேண்டாம். "அடிப்பாவி கொரின்! இத்தனை வருஷமா ஊர்ப் பொணத்துக்கெல்லாம் பன்னியைவா கூட அனுப்பினேன்?" என்று சிரித்துச் சிரித்து இருமல் வந்து, எலிசியோ ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. எனக்குப் பயமாகிவிட்டது. மூச்சு அடங்கினதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் இன்னும் வலு இருக்கிறது. "நடீன், கேளு. எனக்கு அதே பாட்டுதான் வேணும். நாம பாடற மாதிரி, மெதுவா. எவனாவது வேகமாப் பாடினான், எந்திரிச்சு வந்து அடிப்பேன்" என்றாள். எலிசியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாக்குக் கொடுத்தது நான், பாட வேண்டியதோ ஒத்திகைக்கே வராத குழு. இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். "பார்க்கலாம்" என்கிறார்கள். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை.

நீ போன் செய்தாயாம், அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். மறுபடியும் செய்.

அன்புடன்,
அம்மா


அக்டோபர் 15

என் கண்மணி கொரினுக்கு,

எலிசியோ உன்னிடம் போனில் சொல்லிவிட்டான் என்று தெரியும். ஒஃபேலியா போய்விட்டாள். அவஸ்தைப்படவில்லை, எலிசியோ பக்கத்தில் இருந்தான். நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதம் நீளமாக வரும். உட்கார்ந்து படி. நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு தாங்காது போலிருக்கிறது, அதுவும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அடக்கத்தை விழாவின் சனிக்கிழமையன்று வைக்க வேண்டியதாகிவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த அவள் அண்ணன் தம்பிகள் திங்கட்கிழமை அங்கே பறிப்புக்குத் திரும்ப வேண்டும். கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆனாலும் வழக்கத்தை மாற்ற முடியாது அல்லவா? தேவாலயத்திலிருந்து பெட்டியைத் தோளில் சுமந்து, கடைத்தெரு வழியாக வந்து, பாண்டு மேடையைச் சுற்றி, மேடைக்கு எதிரே நிறுத்திப் பாடிவிட்டுத்தான் கல்லறைக்குப் போக வேண்டும். கர்ட்டிஸைக் குறை சொல்லக் கூடாது. ஊர்வலம் வரும் நேரத்துக்கு வாசிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். பாதிரியாருக்குப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம் இருந்ததால் பூசை சீக்கிரம் முடிந்துவிட்டது. நாங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே தெருவுக்குள் நுழைந்துவிட்டோம்.

எப்படி நுழைந்தோம் என்று நினைத்துப் பார். பெட்டியைச் சுமந்தவர்கள் எலிசியோ, மாமன்மார்கள், நம் குழு ஆண்கள். நம் ஆட்களுக்கு விழா உடுப்பு, தோல் அரைக்கால் சட்டை, எம்பிராய்டரி வார், இறகு செருகிய தொப்பி. அந்தக் குளிரில் முழங்கால்கள் சிவந்து கிடந்தன. பின்னால் நாங்கள், கவுனும் மேலங்கியுமாக. அவள் ஊர்ப் பெண்கள் கறுப்பு முக்காட்டில் ஜெபமாலையோடு வந்தார்கள். இருமருங்கிலும் பீர்க் கோப்பையும் வறுத்த இறைச்சியுமாக வெளியூர் ஜனம். எங்களைப் பார்த்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள். விழாவில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண், "ரொம்ப நல்லாப் பண்றாங்க இல்ல? அந்தப் பெட்டி நிஜம் மாதிரியே இருக்கு" என்று கணவனிடம் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? காலமெல்லாம் வேஷம் போட்டு நின்றவர்கள் நாம்தானே. "நிஜம்தாம்மா. உள்ள எங்க டீச்சர் இருக்காங்க" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. கோப்பையை மெல்லக் குனிந்து தரையில் வைத்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. உங்கள் ஊர் பாண்டு என்ன வாசித்துக்கொண்டிருந்தது தெரியுமா? அதே பாட்டு. பன்றிப் பாட்டு. அவர்கள் வேகத்தில், டும் டும் என்று, கூட்டம் பெஞ்சுமேல் ஏறிக் கை கொட்ட, டியூபாக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நம் கதை என்ன தெரியும்? கர்ட்டிஸ் மேடையை நோக்கி ஓடினார், கூட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. பெட்டி நின்றுவிட்டது. எலிசியோவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பாட வேண்டிய இடம் அதுதான். குழு வரிசையாக நின்றது. கை அசைக்க ஆள் இல்லை. எப்போதும் கை அசைப்பவள் பெட்டிக்குள் இருந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒரு வாய் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் நான், முதல் சுரம் எது என்றே மறந்துபோய் நின்றேன். இனி இந்த ஊரில் இந்தப் பாட்டு இல்லை என்றுதான் நினைத்தேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, சுருதி சேராமல், பாண்டுச் சத்தத்துக்கு நடுவே. யார் இந்தக் குடிகாரன் என்று திரும்பினேன். உன் அப்பா, கொரின்.

தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி, தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். மெதுவாக. நாம் பாடுகிற அதே மெதுவில். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தி வந்திருக்கிறேன், குளியலறையில்கூட அவர் பாடி நான் கேட்டதில்லை. வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பதின்மூன்று வயதில் கேட்டதை அப்படியே வைத்திருந்திருக்கிறார். இரண்டாவது வரியில் டாரீன் சேர்ந்தாள். பிறகு எலிசியோ, தோளில் பெட்டியோடு. அதற்குப் பிறகு யார் எப்போது சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

ஒரே பாட்டு இரண்டு வேகத்தில் மோதிக்கொண்டிருந்தது. முதலில் நிறுத்தியவர் டியூபாக்காரர். ஊதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அப்புறம் மத்தளம் நின்றது, பிறகு எல்லாமே. தலைவர் வெள்ளை மீசைக்காரர், முதலில் அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வராமல் எப்படி இருக்கும்? பன்றியும் கழுநீர்த் தொட்டியும் அவருக்கல்லவா அர்த்தமாகின்றன! ஆனால் சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தார். முக்காட்டுப் பெண்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு தன் ஆட்களிடம் திரும்பிக் கையைத் தூக்கினார், எங்கள் வேகத்துக்கு மிக மெதுவாக அசைத்தார். ஒரு கிளாரினெட் எங்கள் குரலுக்கு அடியில் வந்து நின்றது. அதன்பின் அத்தனை வாத்தியங்களும் வந்தன.

கொரின், அந்தத் தெரு முழுக்க மௌனம் பின்னோக்கிப் பரவியதைக் காதால் கேட்டேன் என்றால் நம்புவாயா? இறைச்சிக் கடை அடுப்பை அணைத்தார்கள். பெஞ்சுமேல் நின்றவர்கள் இறங்கினார்கள். கொரியப் பிள்ளைகள் சிலர் கூட்டமாக நின்றிருந்தார்கள், வார்த்தை தெரியாமல் ராகத்தை மட்டும் முணுமுணுத்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குர்தியால் தலைப்பாகையைக் கழற்ற முடியாது, கை கூப்பிக்கொண்டு நின்றார். கோப்பையைத் தரையில் வைத்த அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள், யாருக்கு அழுதாளோ. கர்ட்டிஸ் மேடைப் படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி அடிக்குரலில் பாடிக்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று நமக்குள்ளே இருந்ததா, இத்தனை நாள் அதற்கு மேலேயா பிளாஸ்டிக் பூ வைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மீசைக்காரர் கர்ட்டிஸிடம் வந்தார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது, கிளாரினெட் பையன்தான் சொன்னான், இந்தப் பாட்டு எந்த ஊருடையது என்று அவர் கேட்கிறார் என்று. அசல், அசல் என்று உயிரை விடுகிற கர்ட்டிஸ், "எங்க ஊருது" என்றார். மீசைக்காரர் மறுக்கவில்லை. அதன் சுரங்களை எழுதித் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் பள்ளத்தாக்கில் ஏதாவது சாவு வீட்டில் அது உன் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதே.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன், பன்றிப் பாட்டு என்று தெரிந்த பிறகு எப்படிப் பாட முடிந்தது என்று. ஆற்றுப் பாலத்துக் கைப்பிடியில் கை வைத்து நின்றார். பிறகு, "டேலுக்குப் பாடினப்ப ஒருத்தனும் சிரிக்கலையே, நடீன்" என்றார். அவ்வளவுதான்.

நீ கேட்ட கேள்வியோடு ராத்திரியெல்லாம் படுத்திருந்தேன். அமெரிக்கன் என்றால் என்ன என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. ஃபாபியன் சொல்வது சரிதான், நம் ஊர் நகல். பார்த்து வரைந்த வீடுகள், தப்பாகக் கேட்ட பாட்டு. பொய்யாகத்தான் ஆரம்பித்தோம், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே நாம் நிஜமான மனிதர்களைக் கிடத்தியிருக்கிறோம். டேலைக் கிடத்தினோம், டாரீனின் அம்மாவைக் கிடத்தினோம், இப்போது மிச்சோகானிலிருந்து வந்த ஒரு பெண்ணை. அத்தனை பேரைக் கிடத்திய பிறகு அது பொய்யாக இருக்க மறுக்கிறது, கொரின். யாரும் நமக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கையில் கிடைத்ததை வைத்து அழுதோம். கூட நின்று அழ வந்தவரை எந்த ஊர் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த அமெரிக்கா இவ்வளவுதான். இது கொஞ்சமா அதிகமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சனிக்கிழமை அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு அது தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது.

கையெழுத்துப் போடாதே என்று எழுதத்தான் நான்கு முறை தாளை எடுத்தேன். எழுதப் போவதில்லை. உன் வீடு அங்கே, உன் பிள்ளை அங்கே பிறக்கப் போகிறது. தைரியமாகப் போடு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று அந்த அதிகாரி கேட்கும்போது, ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தை வேண்டாம். சொல்ல வராவிட்டால் பேசாமல் இரு.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அப்ப இனிமே அவ சியாட்டில் ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க வரிசையிலயா நிப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது ரொம்ப நீளமா இருக்குமே. கைக்குழந்தையோட எப்படி நிப்பா?" என்றார். எனக்கு அதற்கு மேல் எழுத முடியவில்லை, பேனாவை வைத்துவிட்டு இப்போதுதான் மறுபடி எடுத்தேன்.

நல்லபடியாகப் பெற்றெடு, மகளே. நீயும் உன் குழந்தையும் நூறு வருடம் நன்றாக இருங்கள். எந்த வரிசையில் நின்று வந்தாலும் வா. எவ்வளவு நேரம் ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்போம்.

என்றும் உன்,
அம்மா நடீன்